ஆழியாறு போகும் வழி

உக்கடம் பேருந்து நிலையத்திலிருந்து தெற்கே புறப்படும் பொள்ளாச்சி வண்டி ஓர் ஆற்றின் தலைமாட்டுக்கும், மேற்கே புறப்படும் பாலக்காட்டு வண்டி அதே ஆறு பெயர் மாறி முடியும் இடத்துக்கு அருகிலும் கொண்டு சேர்க்கின்றன என்பதை, நாள்தோறும் அவற்றில் பிரயாணம் செய்வோரிலும் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனைமலைக் காடுகளில் பிறக்கும் அந்த ஆழியாறு, வால்பாறை மலைப்பாதையின் அடிவாரத்துக்கு இறங்கியதும், 1959-இல் தொடங்கி 1969-இல் முடிந்த அணையில் தேங்குகிறது. 3.86 டி.எம்.சி. கொள்ளும் அந்நீர்த்தேக்கத்தில் உள்ளது ஆழியாற்றின் ஜலம் மட்டுமன்று. சாலக்குடியை நோக்கி மேற்கே போகவேண்டிய சோலையாறும் பரம்பிக்குளமும் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, சர்க்கார்பதியில் மின்சாரம் தந்துவிட்டுக் கால்வாயில் வந்து கலக்கின்றன. காமராஜரும் சி. சுப்பிரமணியமும் முன்னின்று நிறைவேற்றிய இந்த நீர்த்திருப்புத் திட்டம், மழைமறைவுப் பிரதேசமான கொங்கு மண்ணுக்கு வாய்த்த பெரும்பாக்கியம்.

அணைக்குக் கீழே பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, வடக்கலூர், பெரியணை என்னும் ஐந்து வாய்க்கால்களால் 6,400 ஏக்கர் நனைகிறது. இந்தப் பழைய ஆயக்கட்டுக்காரரின் பாத்தியதை அணைக்கும் முந்தியது. புதிய ஆயக்கட்டுக்காரருக்கோ அணையே ஜீவாதாரம். அம்பராம்பாளையத்தில் குடிநீருக்காக எடுக்கும் பங்கு பொள்ளாச்சியோடு நில்லாமல், உக்கடத்தை அடுத்த குறிச்சி, குனியமுத்தூர் வீட்டுக் குழாய்கள் வரை வருகிறது. 2022-இல் ஒட்டன்சத்திரத்துக்கும் இந்நீரைக் கொண்டுபோக ஏற்பாடானபோது பொள்ளாச்சி விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரே ராஜ்யத்துக்குள்ளேயே பங்கீடு இவ்வளவு கடினமாயிருக்கிறது.

கேரள எல்லையிலுள்ள மணக்கடவுத் தடுப்பணையில் ஆறு அளவைக்கு உட்படுகிறது. எண்கள் பொறித்த அளவுகோலில் ஏறியிறங்கும் நீர்மட்டம் கணக்கேட்டில் பதிவாகிறது. 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே செல்லுபடியாகும் தமிழ்நாடு–கேரள உடன்படிக்கைப்படி, ஜூலை தொடங்கி ஜூன் முடிய 7.25 டி.எம்.சி. இவ்விடத்தில் கேரளத்துக்குச் சேரவேண்டும். முப்பது ஆண்டுக்கொருமுறை அதைப் பரிசீலிக்கவேண்டும் என்ற ஷரத்து இருந்தும், 1988-இல் வந்த தவணை தீர்வின்றிக் கழிந்தது. கேரளத்தின் இடமலையாறு திட்டம் முடிந்ததும் ஆனைமலையாற்றிலிருந்து நமக்குச் சேரவேண்டிய 2.5 டி.எம்.சி.யும், அத்திட்டம் இன்னும் முடியவில்லை என்ற கேரளத்தின் வாதத்தால் தடைப்பட்டு நிற்கிறது. இது நியாயமான மனக்குறையே. ஆயினும் காவிரியில் கீழ்மடைக்காரராக நின்று, வற்றிய ஆண்டிலும் விகிதப்படி பங்கு தரவேண்டும் என்று மன்றாடுகிற நாம், மணக்கடவில் மேல்மடைக்காரராக நிற்கையில் அந்தத் தர்மத்தையே நமக்கும் விதியாகக் கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மேட்டூருக்கு ஒரு நியாயம், கேரளத்து மூலத்தரைக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் இரண்டிடத்திலும் நம் சொல் எடுபடாது.

எல்லைக்கு அப்பாலுள்ள பாலக்காட்டுச் சித்தூரும் மழை குறைந்த பூமிதான். தென்னையும் தமிழ்ப் பேச்சும் அங்கும் தொடர்கின்றன. மூலத்தரை மதகுகளில் பிரியும் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் நடுகிறவர்கள், வறண்ட ஆண்டுகளில் ஆழியாற்று நீர் கேட்டுச் சாலையில் மறியலுக்கு அமர்ந்ததுண்டு. ஆறு அங்கே சித்தூர்ப் புழை எனப் பெயர் பெற்று, மலையாளக் கவி எழுத்தச்சன் இறுதிக்காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லும் மடத்தருகே ஓடி, பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிப் பொன்னானிக் கடலுக்குப் போகிறது.