ஆட்டுக்கும் உண்டு ஐந்து மாதக் கணக்கு

கோவில்பட்டியைச் சுற்றி எங்கள் கரிசல் பக்கத்தில் பல வீடுகளில் ஒன்றிரண்டு கன்னி ஆடாவது நிற்கும். கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு. இரட்டைக் குட்டி போடுவது இந்த ஜாதிக்குச் சகஜம். என் மகளின் படிப்புச் செலவு எங்கள் ஆட்டின் வயிற்றை நம்பித்தான் இருக்கிறது.

போன வருஷம் ஆனிக் கடைசியில் ராத்திரி முழுக்கக் கத்தியது. ஓயாமல் வாலை ஆட்டியது, போட்ட தழையைத் தொடவில்லை.

“பயிராயிருச்சு, கிடாயிட்ட ஓட்டிட்டுப் போ” என்றார் மாமியார்.

“இப்ப வேண்டாம் அத்தை. ரெண்டு பருவம் கழியட்டும்.”

“வந்த பருவத்தை விட்டா மலடாப் போயிரும்!”

போகாது. சினை பிடிக்காத ஆடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பவும் பருவத்துக்கு வரும். ஒன்றரை நாள்போல நீடிக்கும். குளிர் நாடுகளில்தான் சங்கடம். அங்கே பகல் குறையும் மாதங்களில்தான் பெட்டை பருவத்துக்கு வரும். இருட்டு கூடுவதை மூளை கண்டுகொண்டு உடம்புக்குச் சொல்லுமாம். நம் ஊரில் பகல் பொழுது அவ்வளவாக மாறுவதில்லை. வருஷம் முழுக்கப் பருவம் வரும். மழையும் பச்சையும் பார்த்து நாள் குறிப்பது நம் வேலை.

சினைக்காலம் 150 நாள். ஆனிக் கடைசியில் சேர்த்தால் கார்த்திகையில் குட்டி விழும். ஈரத் தரையில் பச்சைக்குட்டிக்குச் சளி பிடித்தால் பிழைப்பது கஷ்டம். மார்கழியில் சேர்த்தாலோ வைகாசி வெயிலில் ஈனும். தழை இல்லாமல் தாய்க்குப் பால் ஏது? ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி. வயிற்றில் குட்டி வேகமாக வளர்வது கடைசி இரண்டு மாதம்தான். அப்போது காடெல்லாம் பச்சை.

இரண்டு பருவத்திலும் தெருக்கிடாய் அண்டாமல் வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டேன். (அந்தக் கத்தலுக்குப் பக்கத்து வீட்டு மதினி சொன்னதை எழுத முடியாது!) ஆவணி பிறந்ததும் மூன்றாவது பருவம். காலையில் கத்த ஆரம்பித்தது; சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை கிடாயிடம் விட்டேன். அதுவும் வேறு தெருக் கிடாய். தான் போட்ட கிடாயோடேயே சேரவிட்டால் குட்டிகள் நோஞ்சானாகும்.

பொங்கல் கழிந்த வாரம் இரண்டு குட்டி, ஒரு கிடாய், ஒரு பெட்டை. நாக்கால் நக்கி முடித்ததுமே சீம்பால் குடிக்க விட்டேன். இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கிறவர்களும் உண்டு; அதற்குத் தீவனம் வாங்கிப் போட வசதி வேண்டும். எனக்கு வருஷத்துக்கு ஒன்று போதும். தாயும் தேறிக்கொள்ள வேண்டாமா?

இந்த ஜூனில் கிடாய்க்குட்டியை விற்று மகளுக்குப் பணம் கட்டினேன். பெட்டையை வைத்துக்கொண்டேன். ஏழே மாதம், அதற்குள் வாலாட்டம் தொடங்கிவிட்டது. இடுப்பு விரியாத உடம்பு. அடுத்த ஆவணி வரை கிடாயின் கண்ணில் காட்டப் போவதில்லை.