ஏழால் வகுத்தால் மாயாமாளவகௌளை

நீல் ஸ்லோன் 1964இல் திரட்டத் தொடங்கிய எண் வரிசைக் களஞ்சியம் இன்று இணையத்தில் இருக்கிறது. அதில் எந்த வரிசையையும் இசையாகக் கேட்கலாம். ஒவ்வொரு எண்ணையும் 88ஆல் வகுத்து மீதியை ஒலிக்கும். 88 பியானோவின் கட்டைக் கணக்கு. மயிலாப்பூரில் உட்கார்ந்து கேட்பவனுக்கு ஏழு போதாதா என்று தோன்றியது.

நான் எடுத்துக்கொண்டது 0, 1, 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் வரிசை. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. ஃபிபனாச்சியின் நூல் 1202இல் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஹேமச்சந்திரர், அவருக்கும் பல நூற்றாண்டு முன்னால் விரஹாங்கர், குறிலும் நெடிலுமாக ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணப் போய் இதே எண்களைக் கண்டிருக்கிறார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு: நாம் பள்ளியில் படித்ததுதான். நான்கு மாத்திரைக்கு ஐந்து வழி, ஐந்துக்கு எட்டு. காலக்கணக்கிலிருந்து பிறந்த எண்கள் இவை. அதனாலேயே எனக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம்.

பைத்தானில் சில வரிகள் போதும். ஏழால் வகுத்து மீதி 0 என்றால் ச, 1 என்றால் ரி, 6 என்றால் நி. வந்தது இது:

ச ரி ரி க ம த ரி நி
ச நி நி த ப க நி ரி

அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து. பதினாறு ஸ்வரம், அடிக்கு இரண்டாக வைத்தால் சரியாக ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். லகு முடிந்து துருதம் தொடங்கும் இடத்தில் இரண்டாவது ச விழுகிறது. இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாகப் பாருங்கள். ரிக்கு நேராக நி, கவுக்கு நேராக த, மவுக்கு நேராக ப. ச நீங்கலாக ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் ஏழு.

சங்கராபரணத்தில் ஒலிக்கவிட்டேன், இந்த உறவு காதில் விழவே இல்லை. மாயாமாளவகௌளைக்கு மாற்றியதும் விழுந்தது. காரணம் உண்டு. அந்த ராகத்தில் சவிலிருந்து ரி எவ்வளவு தூரமோ, மேல் சவிலிருந்து நி கீழே அதே தூரம். கவும் தவும் அப்படியே, மவும் பவும் அப்படியே. குழந்தைகள் சரளி வரிசை பழகுகிற ராகத்துக்குள் இப்படி ஒரு கண்ணாடி!

72 மேளத்திலும் தேடினேன். பிரதி மத்திமத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே ம பவுக்கு எதிரொலியாக நிற்பதில்லை. சுத்த மத்திமத்தின் ஆறு சக்கரத்திலும் சக்கரத்துக்கு ஒன்றாக ஆறு: தானரூபி, கோகிலப்ரியா, மாயாமாளவகௌளை, கரஹரப்ரியா, சாருகேசி, யாகப்ரியா. வேங்கடமகி போட்ட அடுக்கில் இவ்வளவு ஒழுங்காக வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மென்பொருள் எண்ணை ஒலியாக்கும், அவ்வளவுதான். எந்த ராகத்தில் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். வரிசையில் இருக்கும் அழகு கேட்பதும் கேட்காததும் அதைப் பொறுத்தது.

மாட வீதிப் பக்கம் பாட்டு சொல்லித்தரும் மாமியிடம் போட்டுக் காட்டினேன். முதல் பாதி சவிலிருந்து மேலே போக, இரண்டாம் பாதி அதே சவிலிருந்து மந்தரத்தில் ரி வரைக்கும் இறங்குவதாக வைத்திருந்தேன். "மந்தர ரிஷபம் எந்தக் கொழந்தைக்கு எட்டும்? நிக்கு அப்பறம் மேல் சதானே வரணும்?" என்றார். "ரி ரி, நி நி ரெண்டும் ஜண்டை. ரெண்டாவதுல அழுத்தம் வேணும். உங்க கம்ப்யூட்டர் ஒரே மாதிரி தட்டறது."

ஏழால் வகுக்கும் கணக்கில் மேல் ச, கீழ் ச இரண்டும் பூஜ்யம்தான். அவர் சொன்னபடியே முதல் பாதியின் நியிலிருந்து மேல் சவுக்கு ஏற்றி, இரண்டாம் பாதியை அங்கிருந்து தொடங்கினேன். கடைசி ரிக்கு அடுத்து கீழ் ச வந்தது. பதினாறும் ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிட்டன, கண்ணாடியும் குலையவில்லை. ஜண்டை அழுத்தத்தோடு மாமி அதை இரண்டு காலத்திலும் பாடிவிட்டார்.