பூரியில் ஒரு புறப்பாடு

உற்சவ காலத்திலும் மூலவர் கருவறையை விட்டு அசையாமல் இருக்க, அவருக்குப் பிரதிநிதியாக உற்சவ மூர்த்தியே வீதிக்கு எழுந்தருளுவதைப் பிள்ளைப் பிராயம் முதல் பார்த்துப் பழகிய தமிழனுக்கு, ஆஷாட மாதத்துச் சுக்கிலபட்சத் துவிதியையன்று பூரி க்ஷேத்திரத்தில் நடக்கும் ரதயாத்திரை முதலில் ஒரு திகைப்பையே அளிக்கும். ரத்தின சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் ஜகந்நாதரும், தமையனார் பலபத்திரரும், தங்கை சுபத்திரையும் அங்கே தாங்களே இறங்கி, மழைக்கால வானத்தின் கீழ், ஜனசமுத்திரத்தின் நடுவே வெளியே வந்துவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் புறப்பட்டு, குர்தா ரோடு நிலையத்தில் வண்டி மாறிப் பூரியை அடைந்தபோது, ஊரில் கால் வைக்க இடமில்லை. எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த கோயில் புரோகிதரான பண்டா, பல தேசத்து யாத்திரிகர்களோடு பழகியதில் ஓரளவு தமிழும் கற்றிருந்தார். சுவாமி குணமாகி எழுந்துவிட்டார் என்று, தம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்வது போல அவர் சொன்னதுதான் நான் கேட்ட முதற் செய்தி. ஜேஷ்ட மாதப் பௌர்ணமியன்று 108 குட நீரில் ஸ்நானம் செய்விக்கப்பட்டதால் சுவாமிக்கு ஜுரம் கண்டுவிடுகிறது. அதன்பின் ஒரு பக்ஷ காலம் தரிசனம் இல்லை. வழக்கமான ராஜ நைவேத்தியங்களுக்குப் பதிலாகப் பழமும் கிழங்கும் மூலிகை மருந்துமே அவருக்கு ஆகாரம். வந்தவர்கள் கும்பிட, துணியில் தீட்டிய படங்களை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திய நாட்களில் சுவாமியின் அருகிலிருந்து உபசாரம் செய்யும் உரிமை தயிதர்கள் என்ற வகுப்பாருக்கே உரியது. ஜகந்நாதரை ஆதியில் காட்டில் வைத்துப் பூஜித்த விசுவாவசு என்ற சபரத் தலைவனின் வம்சத்தார் என்று சொல்லப்படும் இவர்கள், தங்களைச் சுவாமியின் ஊழியர் என்பதைவிட உறவினர் என்றே கருதுகிறார்கள். ஸ்ரீராமாநுஜர் இங்கே வந்து, பூஜை முறையைப் பாஞ்சராத்திர ஆகமப்படி திருத்த முயன்றபோது, தமக்கு அது வேண்டாம் என்று பெருமாள் அவரை இரவோடிரவாக ஸ்ரீகூர்மத்தில் கொண்டுபோய் விடச் செய்தார் என்பது வைஷ்ணவ உலகம் அறிந்த கதை. ஒழுங்கில் மிகுந்த பற்றுடைய நம் ஆசாரியரை அவ்வளவு தூரத்தில் விட்டு வரும்படி செய்த இந்த சொந்தபந்தத்தின் பலத்தை, பூரியில் நின்று பார்த்த பிறகே நான் உணர்ந்தேன்.

தயிதர்கள் சுவாமியை வெளியே கொண்டுவரும் விதத்திலும் அந்தச் சுவாதீனம் தெரிகிறது. பஹண்டி என்னும் அந்தப் புறப்பாட்டில், தலையில் பெரிய மலர்க் கிரீடத்தோடு, முன்னும் பின்னும் சாய்ந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு குலுக்கல் குலுங்கி, மணியும் காகளமும் முழங்க ஜகந்நாதர் வருகிறார். சுபத்திரையையோ, வானத்தைப் பார்த்தபடி படுக்கவைத்துத் தூக்கி வருகிறார்கள். மெத்தென்று தோளில் ஏற்றி வரும் நம் ஸ்ரீபாதந்தாங்கிகள் கண்டால் பதறிப்போவார்கள்.

ரதங்கள் மூன்று. 45 அடி உயரமும் 16 சக்கரமும் கொண்ட நந்திகோஷம் ஜகந்நாதருடையது. 14 சக்கரமுள்ள தாலத்வஜம் பலபத்திரருக்கும், 12 சக்கரமுள்ள தர்ப்பதலனம் சுபத்திரைக்கும் உரியவை. திருவாரூர்த் தேரைப் போல மரச் சிற்பங்களின் களஞ்சியமாகத் தேரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வண்ணத் துணி போர்த்திய இந்த ரதங்கள் சற்று முரடாகவே தோன்றும். ஆனால் இவை ஆண்டுதோறும் அக்ஷய திருதியையில் தொடங்கிப் புதிதாகச் செய்யப்படுபவை. உற்சவம் முடிந்ததும் பிரித்தெடுக்கப்படும் மரத்தில் பெரும்பகுதி கோயில் மடைப்பள்ளிக்கு விறகாகப் போய், மண்பானைகளில் மகாபிரசாதத்தை வேகவைக்கிறது.

மூவரும் ரதமேறிய பிறகு பூரி அரசரான கஜபதி மகாராஜா பல்லக்கில் வந்து, பொற்பிடி போட்ட துடைப்பத்தால் ஒவ்வொரு ரதத்தின் தளத்தையும் கூட்டி, சந்தன நீர் தெளிக்கிறார். முன்பு காஞ்சி அரசன் தன் மகள் பத்மாவதியைப் புருஷோத்தம தேவன் என்ற கஜபதிக்குக் கொடுக்க இசைந்திருந்து, மாப்பிள்ளை வீதியில் துடைப்பம் பிடிக்கிறவன் என்று கேள்வியுற்றதும் மறுத்துவிட்டானாம். போரில் வென்று அவளைக் கவர்ந்து வந்த கஜபதி, குப்பை கூட்டுகிறவன் ஒருவனுக்கே இவளைக் கட்டிவை என்று மந்திரிக்கு ஆணையிட, மந்திரி அடுத்த ரதயாத்திரை வரை பொறுத்திருந்து, மன்னன் ரதத்தைக் கூட்டுகிற வேளையில் அவளைக் கொண்டுவந்து அவன் முன்னாலேயே நிறுத்தினானாம். காஞ்சி அரசன் மானமிழந்த இந்தக் கதையை ஒரு தமிழனிடம் சொல்வதில் பண்டாவுக்கு இருந்த உற்சாகம் சொல்லி முடியாது. இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ராஜசுந்தரி சோழர் குலத்துப் பெண் என்று சொல்லி நானும் ஒருவாறு ஈடு செய்துகொண்டேன்.

பலபத்திரர் ரதம் முதலில் நகர, சுபத்திரையினது அடுத்தும், ஜகந்நாதருடையது கடைசியாகவும், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்திலுள்ள குண்டிசா கோயிலை நோக்கிப் பெரிய வீதியில் புறப்படுகின்றன. ரதத்தின் மேல் பிரம்புடன் நின்று வடம் பிடிப்போரைப் பாடி உற்சாகப்படுத்தும் டாஹுகனின் பாட்டுகள், கண்ணியமான காதுகளுக்கு ஏற்றவை அல்ல என்று பெயர் வாங்கியவை. மொழி தெரியாதது எனக்கு ஒருவகையில் சௌகரியமாயிற்று. வழியில் சாலபேகரின் சமாதியருகே நந்திகோஷம் நின்றது. முகலாய அதிகாரி ஒருவருக்குப் பிறந்து, ஜகந்நாதரைப் பாடியே வாழ்ந்த அந்த முஸ்லிம் கவி கோயிலுக்குள் நுழைய இயலாதவர். அவர் வரும் வரையில் ரதம் நகர மறுத்தது என்பது ஐதிகம். இன்றும் ஹிந்துக்கள் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வீதிக்கு வந்த சுவாமியைப் பார்க்கவோ யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாயிலை நாம் குறுக்கி வைத்தாலும், வெளியே வரும் வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே வாயில் அவருக்கே சாத்தப்படும் நாளும் ஒன்று உண்டு. தன்னை விட்டுவிட்டு உடன்பிறந்தாரோடு போன நாயகர்மேல் கோபங்கொண்டு, யாத்திரையின் நடுவே வரும் ஹேரா பஞ்சமியன்று லக்ஷ்மி பல்லக்கில் குண்டிசா வரை சென்று, நந்திகோஷத்தின் ஒரு துண்டை உடைக்கச் செய்துவிட்டுத் திரும்புகிறாள். யாத்திரை முடிந்து திரும்பி வந்து, மற்ற இருவரும் உள்ளே சென்ற பின்னும் ஜகந்நாதர் முகத்தில் கதவை அடைத்துவிடுகிறாள். தேவியின் கட்சியும் தயிதர் கட்சியும் வாதிட்டு, ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் ஆன பிறகே அவருக்குப் பிரவேசம்.

இவ்வளவு கலகம் எதற்கு, தாயாரையும் கூடவே அழைத்துப் போயிருக்கலாமே என்று பண்டாவைக் கேட்டேன்.

"மூத்தவர் கூட வரும்போது தம்பி பெண்டாட்டி எப்படி வருவாள், பாபு? எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை" என்றார் அவர்.

ஆளுக்கொரு ரதம் இருக்கிறதே என்றேன்.

"மூன்று ரதத்துக்கு மரம் சேர்ப்பதற்கே தசபல்லாக் காட்டை அலச வேண்டியிருக்கிறது. நாலாவது ரதத்துக்கு நீங்கள் மதராஸிலிருந்து மரம் அனுப்புங்கள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நான் கொடுத்த தக்ஷிணையை எண்ணத் தொடங்கினார்.