சுவரில் நின்ற கோடு

1992 நவம்பர் 13. மலையில் கொட்டிய மழையைப் பாபநாசமும் சேர்வலாறும் மணிமுத்தாறும் தாங்கவில்லை. அணைகளைத் திறந்துவிட, சிந்துபூந்துறைத் தெருவுக்குள் தாமிரபரணியே வந்துவிட்டது. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

அன்று இரவு எதிர்வீட்டு மச்சில் கிடந்தோம். கீழே இருட்டில் அண்டாவும் குண்டானும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதக்கும் சத்தம். டார்ச் அடித்து, எத்தனை படி முங்கியிருக்கிறது என்று சொல்வது என் வேலை.

"இன்னும் ஏறுதாலே?" ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏழு. எட்டு. ஒன்பது. அதற்குமேல் எண்ணியதாக நினைவில்லை, தூங்கிப்போனேன். தண்ணீர் எந்த நேரத்தில் நின்றது, எப்போது இறங்கத் தொடங்கியது என்று விழித்திருந்த பெரியவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வடிந்தபின் வீட்டுக்குப் போனால் முழங்கால் மட்டும் சகதி. நடுக்கூடத்துச் சுவரில், அடிக்குச்சி வைத்து இழுத்ததுபோல ஒரு செம்மண் கோடு. என் தலைக்கு ஒரு சாண் மேலே, முருகன் படத்துக்கு ஒரு சாண் கீழே. "முருகன்தான் நிப்பாட்டிருக்கான்" என்று ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "குறுக்குத்துறையில அவரே முங்கிக் கெடக்காரு" என்றார் சித்தப்பா. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில் அது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். பொங்கலுக்கு இரண்டு பூச்சு வெள்ளையடித்தும் கோடு மறையவில்லை.

பத்தாம் வகுப்பில் ஆங்கில டியூஷன். மரபுத்தொடர் பட்டியலில் 'ஹை வாட்டர் மார்க்' என்பதற்கு நேரே 'உச்சம்' என்று எழுதிக்கொண்டோம். வாக்கியம் அமைக்கச் சொன்னார் சார். அரையாண்டில் நான்தான் முதல் மதிப்பெண். அந்தத் திமிரில், இந்த வருடமே என் படிப்பின் ஹை வாட்டர் மார்க் என்று எழுதி நீட்டினேன். சிவப்பு மையில் ஒரு சுழி விழுந்தது.

"ஏம்லே, அதுக்குள்ள வடிஞ்சிட்டா?"

விழித்தேன். சார் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போய்விட்டார். 1863 ஜூலை 3, கெட்டிஸ்பர்க். தென்மாநிலப் படையில் கொஞ்சம் பேர் ஒரு கல்சுவரைத் தாண்டி, சிறிய மரத்தோப்பை நோக்கி வந்தார்கள். அவ்வளவுதான், அடித்துத் துரத்தப்பட்டார்கள். சுவரைத் தாண்டியவனுக்கு, இதுதான் நம் உச்சம் என்று தெரிந்திருக்குமா? போரில் தென்மாநிலங்கள் தோற்று எல்லாம் அடங்கியபின், 1892இல் அந்தத் தோப்பருகே திறந்த புத்தகம்போல வெண்கலத்தில் ஒரு சின்னம் வைத்தார்கள். கிளர்ச்சியின் ஹை வாட்டர் மார்க் என்றே அதற்குப் பெயர்.

"உச்சிவெயில் அடிக்கும்போதே உச்சின்னு சொல்லிரலாம். இது அப்படியில்லலே. வடிஞ்சாத்தான் கோடு தெரியும். ஒங்க வீட்டுச் சுவத்தப் போய்ப் பாரு."

நேற்று வெளியான படத்தை வைத்து ஒரு நடிகரின் ஹை வாட்டர் மார்க் என்று யாராவது எழுதினால், இன்றும் என் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. அவர் இன்னும் நடித்துக்கொண்டுதானே இருக்கிறார்!

அன்று சாயங்காலம் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். ஆச்சி உள்ளங்கையை என் தலைமேல் வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்புக்குள் மங்கித் தெரிந்த கோடு உச்சந்தலைக்கு நேராக இருந்தது.