அந்தச் சாலையில் குழி இல்லை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். சைக்கிளில் என் வேகம் என்ன என்று யாராவது கேட்டால் ஆறேழு கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்வேன். உள்ளூரில் இது வெறும் ஜம்பம். கூட ஓட்டுகிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளிநாட்டில் இதே ஜம்பத்தால் ஒருவருக்கு ரத்தக் காயம், இன்னொருவருக்குக் கெட்ட பெயர். இரண்டுக்கும் காரணம் நான். பழியை வேறெங்கோ போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.

வேலை நிமித்தமாக அடிக்கடி வெளிநாடு போகிறவன் நான். சைக்கிளும் கூடவே வரும். ஹேண்டில்பாரைத் திருப்பி, டயரில் காற்றை இறக்கி, பெடல்களைக் கழற்றிப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். அதைப் புரிந்துகொள்வதற்குள் ஒரு ஸ்பேனரை வளைத்திருக்கிறேன். ஆனால் போன இடத்தில் ஒரு கூட்டத்தைப் பிடிப்பது அதைவிட எளிது. சைக்கிள் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கிக்கொண்டே, சனிக்கிழமை யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதுவும் வேண்டாமென்றால், ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சுற்றும் பாதையில் விடியற்காலையில் போய் நின்றால் போதும். பாரிஸில் லோன்ஷான் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றும் சாலை, மெல்பர்னில் கடலோரமாகப் போகும் பீச் ரோடு, துபாயில் பாலைவனத்துக்குள் நீளும் அல் குத்ரா தடம், நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் என்று பெரிய நகரங்கள் பலவற்றில் அப்படி ஒன்று உண்டு. புது முகத்தைப் பார்த்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்: என்ன வேகத்தில் ஓட்டுவீர்கள்?

ஒப்புக்குக் கேட்கும் கேள்வி அல்ல அது. கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். அந்தச் சுகம் வேண்டுமானால் அவருடைய பின்சக்கரத்துக்கும் நம் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட விடாமல் ஓட்ட வேண்டும். ஒருவர் பிசகினால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள். முன்பின் தெரியாத ஒருவனை அந்த இடைவெளிக்குள் விடுவதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அவன் வாய்ச்சொல். ஊரில் என்றால் நாலு பேரை விசாரிக்கலாம். வழிப்போக்கனைப் பற்றி யாரிடம் விசாரிப்பது?

என் பதில் எப்போதும் தயார்: ‘முப்பத்திரண்டு.’ இது முழுப் பொய்யும் அல்ல என்பதுதான் என் தந்திரம். திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒருநாள் காற்று முதுகுப்பக்கம் இருந்தது. முன்னால் ஓட்டிய கல்லூரிப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தேன். சிக்னலில் நின்ற நேரத்தையும் டீ குடித்த நேரத்தையும் மீட்டர் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று வந்த எண் அது. தனியாக, எதிர்க்காற்றில், நின்ற நேரமும் சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்தைத் தொட்டாலே எனக்குப் பெருமை. இரண்டும் என் மீட்டரில் இருக்கும் எண்கள்தாம். வெளியூரில் எதைச் சொல்வது என்பது என் இஷ்டம்.

சிங்கப்பூரில் இதற்கு முதல் தண்டனை கிடைத்தது. தண்டனை எனக்கல்ல. அங்கே 2022 ஜனவரியிலிருந்து ஒரு விதி: சாலையில் ஒரு குழுவாகப் போகிறவர்கள் ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இரட்டை வரிசை என்றால் பத்துப் பேர். அதற்கு மேல் போனால் அபராதம். அதனால் அங்கே தலையை எண்ணித்தான் கிளம்புவார்கள். விடியற்காலை ஐந்தரை மணி. சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் உதிக்கும் என்பதால் கும்மிருட்டு. வேகமான குழுவில் பத்தாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் வந்து சேர்ந்தவர் அந்தக் குழுவின் பழைய ஆள். எண்ணிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார்.

சிங்கப்பூர் தட்டையான தீவு என்று நினைத்திருந்தேன். மண்டாய் ரோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிறது. இரண்டாவது ஏற்றத்திலேயே எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. முன்னால் போன சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகத் தூரமாயின. ஒன்று மட்டும் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தது. தமிழர்தான்.

‘அண்ணே, ஓகேயா?’

‘ராத்திரி ஃப்ளைட்டு தம்பி. தூக்கமே இல்ல.’

நான் சிங்கப்பூர் வந்து இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் நம்பினார். கிராஞ்சி வரை என் வேகத்துக்கே ஓட்டி, ஒரு பாட்டில் தண்ணீரையும் கொடுத்தார். பேச்சுவாக்கில் தெரிந்தது: ஷிஃப்ட் வேலைக்காரர், வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே ரைடு இதுதான். ஆக அன்று காலை என் முப்பத்திரண்டு இரண்டு பேருடைய காலையைத் தின்றது. பழைய ஆளுக்கு இடம் போயிற்று, இவருக்கு ரைடு போயிற்று. நான் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பினேன்.

இதிலிருந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற பாடத்தைக் கற்றிருக்கலாம். நான் கற்றது வேறு: கொஞ்சம் பயிற்சி செய்துகொண்டு போனால் பொய் வெளியே தெரியாது. சில மாதம் பயிற்சி செய்துவிட்டு லண்டன் போனேன்.

லண்டன் சைக்கிள்காரர்களுக்கு ரிச்மண்ட் பார்க் தாய்வீடு மாதிரி. மான்கள் திரியும் பெரிய பூங்கா. அதைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் ஒரு கேட் அருகே கூடியிருந்தவர்களிடம் போய் நின்றேன். கேள்வி வந்தது, பதில் சொன்னேன், வேகக் குழுவில் சேர்ந்தேன். முதல் சுற்று எப்படியோ போயிற்று. ஆனால் என் முறை வந்து முன்னால் போனபோதெல்லாம் ஒரு தப்புச் செய்தேன். வரிசையின் தலைக்கு வருகிறவன் அதே வேகத்தைக் காக்க வேண்டும். நான் வீரம் காட்ட ஒரு மிதி கூடுதலாக மிதித்தேன். அப்படி மிதித்தால் வரிசை அறுந்து, வால்பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து ‘ஸ்டெடி! ஸ்டெடி!’ என்று கத்தினார்கள். என்னைப் பாராட்டுகிறார்கள் என்றே நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில் சாயர்ஸ் ஹில் ஏற்றம். பெரிய ஏற்றம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு மூச்சு வாங்கிற்று. தலை தொங்கிப்போய், பார்வை என் கைகளுக்கு நடுவில் இருந்த மீட்டரில் நிலைத்துவிட்டது. என் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைத் தாண்டி ஓரமாக ஏறியிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. முன்னால் இருந்தவர் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார். எழுகிற கணத்தில் சைக்கிள் சற்றே பின்னுக்கு வரும். கூட்டத்தில் ஓட்டிப் பழகியவர்கள் அதற்கு இடம் விட்டே ஓட்டுவார்கள். நான் விடவில்லை. சக்கரம் சக்கரத்தில் உரசிற்று. இப்படி உரசினால் முன்னவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். பின்னால் இருப்பவன்தான் விழுவான். விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் என்மேல் ஏறி விழுந்தார்.

எனக்குச் சிராய்ப்புதான். அவருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வழன்றிருந்தது. சைக்கிளில் பின் கியரைத் தாங்கும் ‘ஹேங்கர்’ வளைந்துவிட்டது. அடிபட்டால் ஃபிரேமுக்குச் சேதம் வராமல் தான் வளைந்து கொடுப்பதற்காகவே வைத்த சின்ன உலோகத் துண்டு அது. வளைந்துவிட்டால் கியர் விழாது. அவர் ரயிலில்தான் வீடு போக வேண்டும். எல்லோரும் நின்றார்கள். என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார்.

‘குழி’ என்றேன்.

அந்த இடத்தில் குழி கிடையாது. வழவழவென்ற தார்ச்சாலை. கேட்டவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முன்னால் போனவரைத்தான் பார்த்தார். ஏன் என்பது அரை நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கூட்டமாக ஓட்டும்போது பின்னால் இருப்பவனுக்குச் சாலை தெரியாது. முன்னவரின் முதுகுதான் தெரியும். அதனால் குழியோ கல்லோ வந்தால் முன்னால் போகிறவர் கையை இறக்கிச் சுட்டிக்காட்ட வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். அது எழுதாத சட்டம். குழி இருந்தது என்று நான் சொன்னதும், அதைக் காட்டாமல் விட்ட குற்றம் முன்னவர் தலையில் விழுந்தது. தப்பிக்கத்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அது ஒரு குற்றச்சாட்டாகப் போய்விட்டது.

அவர் அறுபதை ஒட்டிய மனிதர். கொஞ்சம் யோசித்தார். பிறகு, தான் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று சொல்லி என்னிடமும் அடிபட்டவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘பரவாயில்லை’ என்றேன். அவரை மன்னித்தேன்! ஹேங்கருக்கு ஆகும் செலவையும் அவரே தருவதாகச் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் இரவு எனக்கு விமானம்.

வெளியூரில் சொல்லும் பொய்க்கு இருக்கும் பெரிய வசதி இதுதான்: மறுபடி அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஈ.சி.ஆரில் ஒருவரை விழவைத்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டீக்கடையில் மாட்டியிருப்பேன். வழிப்போக்கன் என்பதால் என்னை நம்பினார்கள். வழிப்போக்கன் என்பதாலேயே நான் தப்பினேன்.

பந்தயங்களில் இந்த வித்தை செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் புதிதாகப் போட்டிக்கு வருகிறவர் நான்காம் பிரிவில்தான் தொடங்க வேண்டும். 12 புள்ளி சேர்த்தால்தான் மூன்றாம் பிரிவு. உரிமம் இல்லாதவருக்கு அன்றைக்கு மட்டும் செல்லும் உரிமம் தருவார்கள். சொந்த நாட்டில் உரிமம் வைத்திருப்பவர் என்றால் அந்த நாட்டுச் சம்மேளனத்தின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். யாரும் உங்கள் வேகத்தைக் கேட்பதில்லை. 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மைதானத்தை ஒட்டி லீ வேலியில் ஒரு மைல் நீளச் சுற்றுப்பாதை இருக்கிறது. அங்கே ஒரு நான்காம் பிரிவுப் போட்டியில் கலந்துகொண்டேன். மூச்சு பிடிபடுவதற்குள் கூட்டம் என்னைக் கழற்றிவிட்டது. அவமானமாக இருந்தது. ஆனால் என்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

பிரெவே இன்னும் மேல். 1904-இல் தொடங்கிய ஓதாக்ஸ் கிளப் பரிசியன் என்ற பாரிஸ் சங்கம் உலகெங்கும் அங்கீகரிக்கும் நெடுந்தூர ஓட்டங்கள் இவை. சென்னையிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடித்து, வழியில் ஆங்காங்கே அட்டையில் முத்திரை வாங்கிவந்தால் போதும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பட்டியலே கிடையாது. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கும் இதே நியதி: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். வெளிநாட்டில் தனியாகப் போய் நிற்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. வரிசை எண் இல்லாத ஓட்டத்தைப் பற்றி ஊரில் வந்து என்ன பீற்றிக்கொள்வது என்று நினைத்தே பல தடவை போகாமல் இருந்தேன்.

லண்டனுக்குப் பிறகு திருந்தினேனா என்றால், வேறு மாதிரிக் கெட்டேன். மெல்பர்னில் கேட்டபோது வேண்டுமென்றே குறைத்து, ‘இருபத்திரண்டு’ என்றேன். மெதுவான குழுவில் சேர்த்தார்கள். பீச் ரோட்டில் எதிர்க்காற்று அடித்த இடத்தில் முன்னால் போய் வேகத்தை ஏற்றினேன். சொன்னதைவிட நன்றாக ஓட்டுகிறீர்களே என்று ஒருவர் வியந்தார். அதைக் கேட்கத்தான் குறைத்துச் சொல்லியிருந்தேன். அன்று முதல்முறையாகக் கூட்டத்தோடு ஓட்ட வந்திருந்த இரண்டு பேர் பின்னால் அறுந்துபோனார்கள். அவர்களுக்காகத் திரும்பிப் போனது வேறொருவர். கூட்டினாலும் குறைத்தாலும் நான் பார்த்தது ஒன்றைத்தான்: எதிரில் இருப்பவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்.

இப்போது தனியாக ஓட்டிய எண்ணை, நின்ற நேரமும் சேர்த்துச் சொல்கிறேன். கூடவே, கூட்டத்தில் ஓட்டிப் பழக்கம் குறைவு, கடைசியில் வருகிறேன் என்றும் சொல்கிறேன். நிறைய பேருக்கு அது பிடிக்கிறது. எனக்கு இன்னமும் கசக்கிறது.

ரிச்மண்ட் பார்க் பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. அந்தக் குழு இப்போதும் அதே கேட்டில், அதே நேரத்துக்குக் கூடுகிறது. மறுபடி லண்டன் போகும் வாய்ப்பு வந்தது. சனிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரீஜன்ட்ஸ் பார்க்குக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் என் வேகத்தைக் கேட்டார்கள். இருபத்தைந்து என்றேன். அவர்களிடம் உண்மையைச் சொல்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.