வெடி கேட்காத தூரம்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "வருசப் பிறப்புக்கு வாணவேடிக்கை பார்க்க எங்கே போறது?" கண்டியைச் சுற்றியுள்ள மலைக் கிராமமொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன் நான். எங்களூர்க்காரர்களிடம் இதற்கு உள்ள விடை பெரும்பாலும் கொழும்புதான், கொழும்பிலும் காலிமுகத்திடல்தான். போய் வந்தவர்கள் நிற்க இடம் சொல்வார்கள், ஏற பஸ் சொல்வார்கள், எந்த வண்டிக்காரரிடம் இறால் வடை நல்லது என்றும் சொல்வார்கள். யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

காலிமுகத்திடல் நல்ல இடம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், 1859இல், கடலோர நடைபாதை போட்டு மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வெளி அது. தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய பழைய ஹோட்டல். வடக்கு முனையில் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடம். அதற்கப்பால், கடலை மண்ணிட்டு நிரப்பி 269 ஹெக்டயரில் எழுப்பிய துறைமுக நகரம். அதையும் தாண்டினால் துறைமுகம். கிழக்கே உயர்ந்த ஹோட்டல்கள். அவற்றின் மொட்டை மாடியில் நின்று பார்ப்பதற்கு என் போன்ற ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். புல்வெளியில் நிற்பதற்கோ ஒரு சதமும் வேண்டாம். அவர்கள் காசு கொடுத்து வெடிக்கும் வாணத்தை நாங்கள் கீழே நின்று இலவசமாகப் பார்க்கலாம். ஏழைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

காற்றும் நமக்குச் சாதகம். டிசம்பரில் வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. கொழும்பில் அது தரையிலிருந்து கடல் நோக்கிப் போகும். ஆகவே ஹோட்டல்களுக்கு மேலே எழும் புகை உங்கள் தலைக்கு மேலாகக் கடலுக்குப் போய்விடும். திடலின் நடுப்பகுதியில், கொடிக்கம்பம் தெரியும் தூரத்தில் நின்றால் வடக்கும் கிழக்கும் இரண்டும் கண்ணுக்குள் அடங்கும். கடற்சுவரை ஒட்டி நிற்கப் பலரும் முண்டியடிப்பார்கள்; சிறுபிள்ளைகள் இருந்தால் அது வேண்டாம். நள்ளிரவு கழிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீதிக்கு ஏறுவார்கள். அரை மணி நேரம் பாயிலேயே இருந்துவிட்டு எழும்புவதுதான் புத்தி.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாங்கள் குடும்பமாகப் போனது 2023 டிசம்பர் 31ஆம் திகதிதான். அதற்கு முன் மகள் கேட்கும்போதெல்லாம் என் மனைவி ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போடுவாள். ஒருநாள்தான் உண்மையான காரணத்தைச் சொன்னாள்: "கூட்டத்துக்குள்ள எங்கட பையத்தான் முதல்ல பார்ப்பாங்க. பிள்ளைக்கு முன்னால அது வேணாம்." 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த ஹோட்டல்களில் ஒன்று அத்திடலுக்கு நேரெதிரேதான் நிற்கிறது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் அன்று கொல்லப்பட்டனர். அதைச் செய்தவர்கள் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களையே தாங்கியிருந்தனர். அதற்கு முந்திய ஆண்டு, 2018 மார்ச்சில், திகனயிலும் கண்டியைச் சுற்றிய ஊர்களிலும் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்திருந்தன. எரிந்ததை மறக்குமுன் எரித்தவர்களின் வரிசையில் எங்களையும் நிறுத்திவிட்டார்களே என்ற வேதனை அவளுக்கு. அபாயா அணிந்த ஒரு பெண் கையில் பையோடு அந்த இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதது, அவளுக்குத் தெரிந்தது.

அன்று புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலில் இஷாவை முடித்துக்கொண்டு கோட்டை வழியாக நடந்தோம். திடலில் நுழையுமிடத்தில் எல்லோரது பைகளையும் போல எங்கள் பையையும் திறந்து பார்த்தார்கள். உள்ளே பாண், சம்பல், தண்ணீர்ப் போத்தல், ஒரு பாய். மனைவி ஒன்றும் பேசவில்லை. பாயை விரித்து உட்கார்ந்த பிறகு, "எல்லாரிட்டயும்தான் பார்த்தாங்க" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

வாணவேடிக்கையை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகவே காட்டுவேன். சிவப்புக்கு ஸ்திரோந்தியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு. வெடிமருந்துக்கு அடிப்படையான வெடியுப்பு சீனத்திலிருந்து அறபு உலகத்துக்கு வந்தபோது அறபிகள் அதைச் 'சீனத்துப் பனி' என்றழைத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் அதைச் சுத்திகரிக்கும் முறையையும் வெடிமருந்துக் கலவைகளையும் எழுதி வைத்தார். அவர் எழுதியது போர்க்கலை நூல். அதே கலவைதான் பெருநாள் இரவில் எங்கள் பையன்கள் கொளுத்தும் சீன வெடிக்குள்ளும் இருக்கிறது. ஒரே மருந்து, பிடிக்கும் கையைப் பொறுத்தது மீதியெல்லாம்.

அன்று மகளுக்குச் சொன்ன பாடம் ஒலியின் வேகம். ஒளி கண்ணிமைக்குமுன் வந்துவிடும். ஒலியோ வினாடிக்குச் சுமார் 340 மீற்றர்தான் நடக்கும். வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கு. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கு வை என்றேன். நள்ளிரவில் வானம் திறந்துகொண்டது. எதிர் ஹோட்டல் வாணங்களை எண்ண நேரமே இருக்கவில்லை. ஒளியும் அடியும் ஒன்றாக வந்து நெஞ்சில் மோதின. தாமரைக் கோபுரப் பக்கம் ஒன்று விரிந்தபோது மகள் எண்ணினாள். நான்கு தாண்டி ஐந்துக்குள் சத்தம் வந்தது. "ஒன்றரைக் கிலோமீற்றர்!" என்று கத்தினாள். அத்தோடு துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சங்கு ஊதத் தொடங்கின. மலைநாட்டானுக்கு அதுதான் புதிது. யாரோ பெரிய மிருகங்கள் இருட்டில் ஒன்றையொன்று கூப்பிடுவது போலிருந்தது.

எங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம். பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு வயதான தாய். முதல் வெடிக்கு முன்னமே கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதுகளில் அடைத்துக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் பிய்த்து, என் மகளைப் பார்த்து, "துவ, இதைக் காதில் வைச்சுக்கோ" என்று சிங்களத்தில் சொல்லி நீட்டினார். மகள் வாங்கிக்கொண்டாள். ஆரவாரம் அடங்கிய பிறகு என் மனைவி அவரோடு கதைத்தாள். மூத்த மகன் இராணுவத்தில் இருந்தவராம். வடக்குக்குப் போனவர் திரும்பி வரவில்லையாம். பிள்ளைகளுக்காகத்தான் வந்தேன், வெளிச்சம் எனக்கும் பிடிக்கும், சத்தந்தான் ஆகாது என்றார்.

இந்த நாட்டில் வெடிச் சத்தத்தை எல்லோரும் ஒரே காதால் கேட்பதில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில் என் அறையில் காத்தான்குடி நண்பர் ஒருவர் இருந்தார். கிரிக்கெட்டில் இலங்கை வென்ற ஓர் இரவு ஊர்ப் பையன்கள் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் வெளியே ஓடினோம். அவர் கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையின்போது காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்ற இரவில் அவர் பத்து வயதுப் பிள்ளை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை; நாங்களும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட 2009 மே மாதத்தில் கண்டி வீதிகளில் பாற்சோறும் வெடியுமாக இருந்தது. இனிக் குண்டு வெடிக்காது என்ற நிம்மதி எங்களுக்கும் இருந்தது. அதை மறைப்பது பொய்யாகும். அப்போது எங்களோடு படிப்பித்த வடக்கைச் சேர்ந்த தமிழ் ஆசிரியை அந்த வாரம் முழுதும் வரவில்லை. அவருடைய சொந்தங்கள் வன்னியில் இருந்தார்கள். வாடகை அறையின் யன்னல்களைச் சாத்திக்கொண்டு அவர் அந்த வெடிகளை எண்ணியிருப்பார். நாங்கள் கொண்டாட்டமென்று கேட்டதை அவர் என்னவென்று கேட்டாரோ.

என் வீட்டிலும் அப்படியொரு காது உண்டு. 1998 ஜனவரி 25, ரமழானின் கடைசிப் பத்து. ஸஹர் செய்து, ஸுபஹு தொழுது, உம்மா குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். கண்டி தலதா மாளிகை முன்றலில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்தது அந்த விடியற்காலையில்தான். எங்கள் மலைக்கும் கேட்டது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. ரெயில் பிடிக்க வாப்பா கண்டிக்குப் புறப்பட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. மத்தியானம் அவர் நடந்தே திரும்பி வரும் வரை உம்மா வாசற்படியை விட்டு அசையவில்லை. கண்டியில் நடக்கவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புப் பக்கம் மாற்றப்பட்டது. சில நாட்களில் பெருநாள் வந்தது. எங்களூரில் ஒரு பிள்ளையும் வெடி கொளுத்தவில்லை. வாப்பா மௌத்தாகி வருடங்கள் போய்விட்டன. இன்றும் சித்திரைப் புத்தாண்டின் சுபநேரத்தில் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் வெடி கேட்டால் உம்மா எழுந்து வாசலுக்குப் போவார். போய் நின்று பாதையைப் பார்ப்பார். யாரைத் தேடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

கண்டியில் பார்க்க இடமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வாவியைச் சுற்றி நிற்கலாம். இராஜபிஹில்ல வீதியில் ஆர்தர் சீட் என்ற மேட்டில் நின்றால் வாவியும் மாளிகையும் நகரமும் காலடியில் கிடக்கும். ஆனால் கண்டி ஒரு கிண்ணம். ஹந்தானையிலும் உடவத்தைக் காட்டிலும் மோதி ஒரு வெடி மூன்றாகத் திரும்பி வரும். கொழும்பில் சத்தம் கடலுக்குப் போய்த் தொலைந்துவிடும். இங்கே போக வழியில்லை. இளசுகளுக்கு அது இன்பம். உம்மாவை அங்கே கூட்டிப் போக முடியாது.

கொழும்பிலிருந்து திரும்பிய பஸ்ஸில் மகள்தான் கணக்குப் போட்டாள். "வாப்பா, சத்தம் வாறதுக்கு இருபது வினாடி எடுத்தா எவ்வளவு தூரம்?" ஏழு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். "அவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் தெரியுமா?" வானம் தெளிவாயிருந்தால் தெரியும். "சத்தம்?" காற்றிலேயே கரைந்து, வந்தாலும் வாசற்கதவைத் தட்டினாற்போல்தான் வரும் என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பாடசாலைக்கு மேலே கறுவாவும் மிளகுக் கொடியும் உள்ள ஒரு மேடு இருக்கிறது. கண்டி நகரம் அங்கிருந்து ஏறத்தாழ அவ்வளவு தூரம். அடுத்த டிசம்பர் 31ஆம் திகதி இரவு மகள் தன் உம்மும்மாவைக் கைபிடித்து அங்கே ஏற்றிக்கொண்டு போனாள். சால்வை, கதிரை, பிளேன்டீ எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம். பனிமூட்டம் வந்து கெடுத்துவிடுமோ என்று பயமிருந்தது. மலைநாட்டு டிசம்பரில் அதற்கு உத்தரவாதமில்லை. அன்று விலகியிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பள்ளத்தில் சிறுசிறு பூக்களாக வாணங்கள் எழும்பின. உள்ளங்கையால் மூடிவிடலாம் போன்ற அளவு. சிவப்பு, பச்சை, வெள்ளை. மகள் மெதுவாக எண்ணினாள். இருபதைத் தாண்டியும் சத்தம் ஒன்றும் வரவில்லை. அல்லது வந்தது சில்வண்டுகளின் இரைச்சலில் எங்களுக்குத் தெரியவில்லை.

உம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. பாதையைப் பார்க்கவில்லை. கடைசி வாணம் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகாத்தான் ஈக்கிது மகன்" என்றார். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கீழ ஈக்கிறவங்கட சின்னப் பிள்ளைகள் எழும்பி அழுமே" என்றார்.