பூஞ்சேரிப் பாறையும் கிங்ஸ்டன் இசைத்தட்டும்

மாமல்லபுரம்

அன்பு நண்பா,

ஒத்தவாடைத் தெருவில் அறை எடுத்திருக்கிறேன். கடற்கரைக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். சாயங்காலமானால் இந்தத் தெருவின் மாடிக் கடைகளில் மீன் வறுவல் வாசனையோடு பாப் மார்லி பாட ஆரம்பித்துவிடுகிறார். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து 1984-ல் வந்த ‘லெஜண்ட்’ தொகுப்புதான் கடைக்குக் கடை ஓடுகிறது. நல்ல தொகுப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜமைக்காவின் ரெகே இசை என்றால் இந்த ஒரு தட்டுதான் என்று நினைத்து ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இளையராஜா மொத்தமே பத்துப் பாட்டுதான் என்று யாராவது சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்?

மறுபதிப்பு இசைத்தட்டுகளுக்காக நான் இவ்வளவு செலவழிப்பது உனக்குப் பிடிபடவில்லை. பழைய தட்டையே தேடி வாங்கினால் அது சேகரிப்பு, புதிதாக அச்சடித்ததை வாங்குவதில் என்ன பெருமை என்று கேட்டாய். அதற்கான பதில் இந்தக் கரைக்கு வந்த பிறகுதான் எனக்கே ஒழுங்காகச் சொல்ல வருகிறது.

1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ரூட்ஸ் ரெகே பாடல்கள் பெரும்பாலும் ஏழு அங்குலச் சிறு தட்டுகளாகவே வெளிவந்தன. அச்சு சுமார்தான், பல தட்டுகளில் நடுத்துளைகூட விலகியிருக்கும். ஒலிநாடா விலை அதிகம் என்பதால் ஒரு பாட்டைப் பதிந்த நாடாவின் மேலேயே அடுத்த பாட்டைப் பதிந்தார்கள். மிஞ்சிய நாடாக்களில் பல ஈரத்திலும் வெக்கையிலும் கெட்டுப்போயின. எனவே மறுபதிப்புச் செய்கிறவர் முதலில் மூலநாடாவைத் தேடுகிறார். அது கிடைக்காவிட்டால், உலகில் எங்காவது கீறல் குறைவாகத் தப்பியிருக்கும் ஒரு தட்டைத் தேடுகிறார். அதற்குப் பிறகு பாடியவரையோ தயாரித்தவரையோ அவர்கள் வாரிசையோ கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் எந்த வேலையும் அச்சு யந்திரம் செய்வதல்ல.

என் பையில் இருப்பதையே சொல்கிறேன். செட்ரிக் மைட்டன், ராய்டெல் ஜான்சன் என்ற இருவர் ‘காங்கோஸ்’ என்ற பெயரில் பாடி, 1977-ல் லீ பெர்ரி தயாரித்த ‘ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்’. பெர்ரி தன் வீட்டை ஒட்டியே கட்டிக்கொண்ட பிளாக் ஆர்க் கூடத்தில் இருந்தது நாலு தடம் மட்டும் பதியும் கருவி. அதை வைத்துக்கொண்டு காடும் கடலும் ஒன்றாகக் கேட்பது மாதிரி ஓர் ஒலியைக் கொண்டுவந்தார். அப்போது பெர்ரியின் தட்டுகளை லண்டனில் வெளியிட்டு வந்த ஐலண்ட் நிறுவனம் இதை எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் ஜமைக்காவில் கொஞ்சம் பிரதிகளே வந்தன. 1996-ல் மான்செஸ்டர் நகரத்தின் பிளட் அண்ட் ஃபயர் நிறுவனம் அதைத் தேடியெடுத்து, படங்களும் விரிவான குறிப்புமாக மறுபடி கொண்டுவந்தது. பலர் இந்த இசையைக் கேட்டதே அதன் பிறகுதான். முதல் பாட்டு ‘ஃபிஷர்மேன்’. கரையில் பசியோடிருக்கும் பிள்ளைகளுக்காகத் துடுப்பு வலிக்கும் மீனவரைப் பற்றியது. நேற்று விடியலில், குப்பத்துப் படகுகள் மீனோடு கரையேறும் நேரத்தில், மொட்டை மாடியில் இதைப் போட்டேன். மைட்டனின் உச்சக்குரல் எழும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செங்கல்பட்டுக்கும் ஒரு நாள் போனேன்; அது இன்னொரு காரணத்துக்காக. அங்கே ஒரு காலத்தில் மைக் செட் நடத்திய பெரியவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். கொளவாய் ஏரியைத் தாண்டி விசாரித்துக்கொண்டே போனேன். “வாங்க தம்பி, உள்ள வாங்க” என்று வீட்டின் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். குழாய் ஸ்பீக்கர்கள், பழைய அகுஜா ஆம்ப்ளிஃபயர், தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பாட்டு இவர் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. எந்த ஊரானாலும் முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அதற்கு மேல் என்ன போடுவது என்பது கூட்டத்தைப் பார்த்து இவர் எடுத்த முடிவு.

“குழாய்ல குரல்தான் தம்பி தூரம் போகும். அடி கேக்காது. பாக்ஸ் வந்த அப்புறந்தான் ஜனங்களுக்கு அடி கேட்டுச்சு” என்றார். நான் வருடக்கணக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கிங்ஸ்டனின் தெருக்களில் பாட்டுப் போட்டவர்களும் மைக் செட்டுக்காரர்கள்தான். சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். ஆள் உயரப் பெட்டிகளை அவர்களே அடித்துச் செய்தார்கள். பெட்டி பெரிதாக ஆக, பாட்டிலும் பாஸ் கித்தார் முன்னால் வந்தது, குரல் பின்னால் போனது.

அவரிடம் கிங் டப்பியைப் பற்றிச் சொன்னேன். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்துப் பிழைத்த மனிதர். ‘ஹோம் டவுன் ஹை-ஃபை’ என்று சொந்த செட் வைத்திருந்தார். வாட்டர்ஹவுஸ் பகுதியில் டிராமிலி அவென்யூ வீட்டிலேயே ஒரு சிறு கூடம்; பாடுகிறவர் நின்று பாடியது குளியலறையில். பதிந்து முடிந்த பாட்டை எடுத்து, குரலை அணைத்து, டிரம்மும் பாஸும் மட்டும் ஓடவிட்டு, திடீரென்று ஒரு சொல்லை மட்டும் எதிரொலியில் மிதக்கவிடுவார். அதுதான் டப். ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு பாட்டை இப்படி அவர் கலக்கியது ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ என்று தட்டின் பின்பக்கத்தில் வந்தது. இன்று முன்பக்கப் பாட்டைவிட அதற்குத்தான் பெயர். 1976-ல் அந்தப் பாட்டைத் தயாரித்த அகஸ்டஸ் பாப்லோ அதே தலைப்பில் ஒரு முழுத் தட்டே வெளியிட்டார். டப்பியை 1989-ல் அவர் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரிப்பேர் தெரிஞ்ச கை அது” என்றார்.

பதிந்ததையே திரும்ப எடுத்துப் புதிதாகச் செய்வது டப் இசையின் பிறப்பிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இசையில் முதல் அச்சு மட்டும்தான் உண்மையானது என்று நான் எப்படி நினைப்பேன்?

ஜமைக்காவுக்கும் நமக்கும் என்ன உறவு என்பாய். 1844-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கரீபியப் பகுதிக்குக் கப்பலேற்றினார்கள். 1845-ல் முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் துறையில் நின்றது. ரெகே பாடகர்கள் பலர் சார்ந்த ராஸ்தஃபாரி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லியோனர்ட் ஹோவல், தன் நூலுக்கு வைத்துக்கொண்ட புனைபெயரில் ‘குரு மராஜ்’ என்ற இந்தியச் சாயல் இருக்கிறது. அப்படிப் போன கூலிகளின் வழிவந்தவர்கள் கயானாவின் மாரியம்மன் கோயில்களில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள்.

   

உனக்கு முக்கியமாக எழுத நினைத்தது பூஞ்சேரியைப் பற்றித்தான். மாமல்லபுரத்துக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் வரும் ஊர். சுற்றுலாப் பேருந்து எதுவும் நிற்பதில்லை. அங்கே நொண்டி வீரப்பன் தோட்டம் என்ற இடத்தில் ஒரு பாறை. அதன்மேல் பழைய எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன: கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி என்று இன்னும் சில. இந்த ஊர்க் கற்களைச் செதுக்கிய தச்சர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தர்மராஜ ரதத்தில் இருப்பதெல்லாம் அரசனின் பட்டப்பெயர்கள். உளி பிடித்தவர்களின் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும். குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தேன்.

நல்ல மறுபதிப்பு செய்வதும் இந்த வேலையைத்தான். அன்றைய கிங்ஸ்டன் தட்டில் பாடகர் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். சிலதில் அதுவும் இருக்காது. காங்கோஸ் மறுபதிப்பின் உறையைத் திறந்தால் பாஸ் போரிஸ் கார்டினர், கித்தார் எர்னஸ்ட் ராங்லின் என்று பெயர்கள் வருகின்றன. இது மரியாதை மட்டுமல்ல, பணத்தின் விஷயமும்தான். மார்லியின் குழுவில் பாஸ் வாசித்த ஆஸ்டன் பாரெட், தனக்கும் கொலையுண்ட தம்பி கார்ல்டனுக்கும் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று லண்டனில் வழக்குப் போட்டு 2006-ல் தோற்றார். மாடிக் கடைகளில் ஓடும் பாட்டுகளில் பலவற்றைத் தூக்கி நிறுத்துவது அந்தச் சகோதரர்களின் பாஸும் டிரம்மும்தான். மறுபதிப்பு வாங்கும்போது இரண்டே கேள்வி கேட்கிறேன்: வாசித்தவர் பெயர் இருக்கிறதா, உரியவருக்குக் காசு போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது எனக்கு முதல் அச்சைவிட உயர்ந்தது.

இதே கேள்விகளை நம் தட்டுகளிடமும் கேட்டுப் பார். இளையராஜாவின் பழைய பாட்டுகளை இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் ‘சொல்ல சொல்ல’ என்று தொகுத்து வெளியிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த வேலையை நாமல்லவா செய்திருக்க வேண்டும்? அந்தப் பாட்டுகளின் பாஸ் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கித்தார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல். பெரியவரின் பெட்டியில் எக்கோ கம்பெனித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பெயர்கள் எதுவும் கண்ணில் படவில்லை.

உன் ஊரிலும் மைக் செட் வைத்திருந்த வீடு ஒன்றாவது இருக்கும். போய்ப் பார். தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்கியிருந்தால் நிமிர்த்தி வைக்கச் சொல், இல்லாவிட்டால் வளைந்துவிடும். நையாண்டி மேளம், நாகஸ்வரம், கூத்துப்பாட்டு என்று சினிமா அல்லாதது எது கிடைத்தாலும் உறையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. வாசித்தவர் பெயர் அச்சாகவில்லை, ஆனால் அவர்கள் யாரென்று அந்த வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறது என்றால், உறையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்